சர்வேயர் வரும்வரை எதையும் தொடக்கூடாது

தண்ணீர் வாசல் வழியாக வரும் என்றுதான் நினைத்திருந்தோம். அது குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் ஜாலி வழியாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டுகளைக் கழுவப் போட்டுவிட்டு நின்றிருந்தேன். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டு, "அம்மா, தண்ணி கீழயிருந்து மேல வருது" என்றாள். போய்ப் பார்த்தபோது ஜாலியின் துளைகள் ஒவ்வொன்றிலும் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அரைமணி நேரத்தில் வாசல்படியையும் தாண்டித் தெருத்தண்ணீர் உள்ளே வந்துவிட்டது.

உக்கடம் பெரிய குளத்துக்குக் கீழே, சரிவில் கடைசியாக இருக்கும் தெரு எங்களுடையது. கீழ்வீட்டில் நாங்கள் மூன்று பேர் ஆறு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். நான் பீளமேட்டில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. கணவர் பம்ப் செட் கம்பெனியில் மெஷின் ஷாப் சூப்பர்வைசர். மாடியில் வீட்டுக்கார அக்கா தனியாக இருக்கிறார். அவர் கணவர் தவறி வெகுநாள் ஆகிறது. ஒரே மகன் வெளிநாட்டில்.

அன்றைக்குக் கையில் கிடைத்ததைத்தான் மாடிக்கு ஏற்ற முடிந்தது. மகளின் புத்தகப் பை, சர்டிபிகேட் வைத்திருந்த சூட்கேஸ், மிக்ஸி, சிலிண்டர், மூன்று தலையணை. ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் கணவர் தனியாகத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. பீரோவின் அடித்தட்டில் இருந்த புடவைகளை அள்ளி வருவதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது. அக்கா மாடிப்படியில் நின்றுகொண்டு, "போதும் கண்ணு, சாமான் போனாப் போச்சாது. புள்ளைய இழுத்துட்டு மேல வா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அன்று பொழுது சாய்ந்ததும் அவர் ஆக்கிப்போட்ட அரிசிம்பருப்பு சாதத்தைச் சாப்பிட்டோம். கீழே எங்கள் ஃபிரிட்ஜ் சாய்ந்து சுவரில் இடிக்கிற சத்தம் கேட்டது.

இரண்டு நாளில் தண்ணீர் வடிந்தது. தரை முழுக்கக் கணுக்கால் அளவு சேறு. மெத்தை ஊறி, கட்டிலின் நடுவில் தொய்ந்து கிடந்தது. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருக்கும் சுவரின் கீழ்ப்பாதிப் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழுந்து செங்கல் தெரிந்தது. அங்கிருந்து ஒரு விரிசல் கோணலாகக் கூரை வரைக்கும் ஏறியிருந்தது. கணவர் மண்வெட்டியை எடுத்தபோதுதான் அக்கா மாடியிலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்ணையும் தொட்றாதீங்க. பையன் போன் பண்ணுனான். ஊட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்குதாம். சர்வேயர் வந்து பாக்கற வரைக்கும் எல்லாம் அப்படியே இருக்கோணுமாம்."

வீட்டுக்கடன் வாங்கியபோது வங்கி எடுக்கச் சொன்ன பாலிசி அது. கடன் முடிந்த பிறகும் மகன் அதைப் புதுப்பித்துக்கொண்டு வந்திருக்கிறார். அக்காவுக்கே அப்போதுதான் தெரியும். எங்களுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. எங்கள் ஃபிரிட்ஜும் கட்டிலும் அந்த வீட்டுக்குள்தானே நனைந்தன, அதற்கும் ஏதாவது வரும் என்று நானும் கணவரும் பேசிக்கொண்டோம். நான் மண்வெட்டியை வாங்கிப் படிக்கட்டுக்கு அடியில் வைத்தேன்.

சர்வேயர் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஊரில் அவ்வளவு வீடுகளில் தண்ணீர் ஏறியிருந்தது. நாங்கள் அக்காவின் முன்னறையில் பாய் விரித்துப் படுத்தோம். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது படியிறங்கிச் சேற்றின் மேல் போட்ட செங்கற்களில் கால் வைத்து நடந்து வெளியே போவேன். சாயந்திரம் அதே செங்கற்கள் மீது திரும்பி வருவேன். ஜன்னலைத் திறந்து வைத்தும் நாற்றம் போகவில்லை. சேறு ஓரங்களில் காய்ந்து வெடிக்க ஆரம்பித்தது. மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் கழுவித் தள்ளி, நனைந்ததைத் தெருவில் போட்டார்கள். மாநகராட்சி லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. எங்கள் வாசலில் மட்டும் லாரி நிற்கவில்லை. எங்கள் வீட்டுக்குள் நாங்களே போக முடியாமல், எதையும் எடுக்காமல், எதையும் தூக்கிப் போடாமல், யாரோ ஒருவர் வருவதற்காக மாடியில் உட்கார்ந்திருந்தோம்.

தண்ணீர் வடிந்து மூன்றாம் நாள் அக்கா ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பியதைக் கடையில் பிரிண்ட் எடுத்திருந்தார்.

"எல்லாம் இங்கிலீசுல இருக்குது. நீ படிச்சுச் சொல்லு கண்ணு."

முதலில் எனக்கே புரியவில்லை. தலைப்பில் தீ என்றுதான் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் பட்டியல் வந்தது. இடி, மின்னல், புயல், வெள்ளம், நீர் சூழ்தல்.

"வெள்ளம் இருக்குதுங்கக்கா" என்றேன்.

அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டார். "அப்பிடியே கீழயும் படி. என்னென்னத்துக்குத் தருவாங்கன்னு போட்டிருப்பாங்கல்ல?"

சுவர், தரை, கதவு, ஜன்னல், சுவருக்குள் ஓடும் வயர், பொருத்திய குழாய்கள். திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு, மனை விலை அதில் வராது. ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். வீட்டுக்குள் இருக்கும் பொருட்கள் என்று ஒரு தனிப்பகுதி இருந்தது. அதற்கு நேரே 'எடுக்கப்படவில்லை' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, அந்தப் பகுதியை எடுத்திருந்தாலும் அது பாலிசிதாரருக்கும் அவர் குடும்பத்துக்கும் சொந்தமான பொருட்களுக்கு மட்டுமே என்று இன்னொரு வரி.

"ஏங்கண்ணு, உங்க சாமானுக்கும் சேத்தித்தானே?"

"இல்லீங்கக்கா. கட்டடத்துக்கு மட்டுந்தான். எங்க சாமான் இதுல வராதுங்க."

அவர் முகம் சுருங்கிப்போனது. "அதெப்படி? இந்த ஊட்டுக்குள்ளதான இருந்துச்சு?" என்று என்னிடமே கேட்டார். நான் அந்த வரியை இன்னொரு தடவை படித்துக் காட்டினேன். பிறகு பக்கத்தைத் திருப்பினேன். எதற்கெல்லாம் கிடையாது என்ற பட்டியல் அங்கே ஆரம்பித்தது. தேய்மானம், துரு, பராமரிக்காமல் விட்டதால் ஏற்பட்ட சேதம், நாளாவட்டத்தில் ஊறிய நீர்க்கசிவு. கசிவு என்று நான் தமிழில் சொன்னதும் இருவருமே நிமிர்ந்து பார்க்கவில்லை.

பூச்சு பெயர்ந்த அந்தச் சுவர் இரண்டு வருடமாக ஊறிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே அக்காவின் குளியலறை. முதலில் கூரையை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு தெரிந்தது. அடுத்த மாதம் அது முழ நீளத்துக்கு இறங்கியது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. பீரோவை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினோம். மகளைப் போட்டோ எடுக்கச் சொல்லி நான்கைந்து தடவை அக்காவுக்கு அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும், "பையன்கிட்டச் சொல்லியிருக்கறேன் கண்ணு" என்று குரல் பதிவு வரும். ஒருமுறை பிளம்பர் வந்து டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளை சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். அதோடு சரி. நானும் வற்புறுத்தவில்லை. எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது இரண்டு வாரம் மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்து இறக்கியவர் அவர். அந்த மனுஷியிடம் போய்ச் சுவரைப் பற்றி எப்படிச் சண்டை போடுவது?

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு மேல் சர்வேயர் வருவார் என்று போன் வந்தது. நான் பள்ளிக்கு லீவு சொன்னேன். அக்கா சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் எதிரே உட்கார்ந்து உரித்தேன். அவர் தலையைத் தூக்காமல் சொன்னார்.

"அந்தச் செவுத்தப் பத்திக் கேட்டாருன்னா, மழைத் தண்ணியிலதான் போச்சுன்னு சொல்லிப்போடு அம்மணி. அதுதான் பெரிய செலவு. என்னையக் கேட்டா நானும் அதத்தான் சொல்லுவேன். ஆனா குடியிருக்கறவங்க சொன்னா நம்புவாங்க."

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் வீட்டுப் பாயில் படுத்து எழுந்து, அவர் வீட்டு டம்ளரில் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கணவர் படிக்கட்டில் உட்கார்ந்து மோட்டார் பைக்கின் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வண்டிக்கும் இன்சூரன்ஸ் உண்டு. ஆனால் நாங்கள் எடுத்தது அடிபட்ட எதிராளிக்குக் கொடுக்கும் வகை. தண்ணீரில் மூழ்கிய நம் வண்டிக்கு அதில் ஒன்றும் கிடையாது என்று அதற்கு முந்தின நாள்தான் தெரிந்துகொண்டிருந்தார். அக்கா சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"ரெண்டு வருசமா நாம கத்துனதுக்கு என்ன அர்த்தம்?" என்றார். "இருந்தது இருந்துச்சுன்னு சொல்லு. நமக்கு ஒண்ணும் வரப்போறதில்ல. நம்ம சாமானையும் நாத்தத்துல போட்டு வச்சுட்டு, பொய்யும் நாமளே சொல்லோணுமா?"

"அக்கா மூஞ்சியப் பாத்துட்டு எப்படிங்க சொல்றது?"

"அப்பப் பேசாம இரு. எங்கிட்டக் கேட்டா நான் சொல்லிக்கறேன்."

"நீங்க சொல்ல வேண்டாங்க" என்று கெஞ்சினேன். அவர் பிளக்கை ஊதிவிட்டு மாட்டினார்.

சர்வேயர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி, ரப்பர் செருப்போடு வந்தார். அன்றைக்கு எங்கள் வீடு அவருக்கு நான்காவதாம். அக்கா வாசலிலேயே நின்று ஐந்து நிமிடம் எல்லாம் சொல்லிவிட்டு, முழங்கால் வலியோடு டீ போட மாடிக்கு ஏறினார். உள்ளே நான், கணவர், சர்வேயர். மகளின் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்ததால் அவளும் வாசற்படியில் நின்றிருந்தாள்.

அவர் அறை அறையாக அளந்தார், போட்டோ எடுத்தார். கதவுகளின் அடிப்பாகம் உப்பியிருந்ததை, வயரிங்கை, பெயர்ந்த டைல்ஸை எழுதிக்கொண்டார். பிறகு அந்தச் சுவரின் முன்னால் வந்து நின்றார். ஒரு நாணயத்தை எடுத்து மேலே தட்டினார், கீழே தட்டினார்.

"இந்தச் செவுத்துல முன்னாடியே ஈரம் ஏதாச்சும் இருந்துதுங்களா மேடம்?"

"இல்லீங்க" என்றேன்.

கணவர் தரையைப் பார்த்தார். மகளை நான் பார்க்கவில்லை. போட்டோ எடுத்தவள் அவள்.

"செரிங்க" என்று எழுதிக்கொண்டார் சர்வேயர். பிறகு டேப்பை நீட்டி, சேறு நின்ற கோட்டுக்கு வைத்து அளந்தார். இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தது அந்தக் கோடு. எதிர்ச்சுவரிலும் பக்கத்துச் சுவரிலும் அளந்தார்.

"தண்ணி இது வரைக்குந்தான் வந்திருக்குதுங்க. எல்லாப் பக்கமும் ஒரே மட்டம். இந்த ஒரு செவுத்துல மட்டும் மேல கூரை வரைக்கும் உப்புப் பூத்திருக்குது பாருங்க. அஞ்சு நாள்ல உப்புப் பூக்காதுங்க."

எனக்கு முகம் சுட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"உங்களைக் கேக்கோணுங்கறது முறை, கேட்டேன். நீங்க சொன்னதையும் எழுதுவேன், நான் பாத்ததையும் எழுதுவேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. அன்றைக்கு என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்தாரோ. கட்டிலையும் ஃபிரிட்ஜையும் சுற்றி வந்து, "இதெல்லாம் உங்களுதுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இத நான் எழுத முடியாதுங்க. வாடகைக்கு இருக்கறவங்க சாமானுக்கு மட்டும் தனியா பாலிசி எடுத்துக்கலாமுங்க. யாரும் சொல்றதில்ல. சொந்த ஊடு இருந்தாத்தான் இன்சூரன்ஸ்னு நெனச்சுக்கறாங்க." பிறகு பேனாவை மூடி, "உங்க சாமான நீங்க அன்னைக்கே எடுத்திருக்கலாமே. போட்டோ எடுத்துட்டுக் கழுவியிருந்தாலும் போதும். இப்படியா போட்டு வெப்பீங்க?" என்றார்.

கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "தொடக்கூடாதுன்னு சொன்னாங்க சார்."

"அது வீணாப்போனத தூக்கி வீசிராதீங்கன்னு சொல்றதுங்க. குடியிருக்க வேண்டாம்னு இல்ல."

அக்கா டீயோடு வந்தார். சர்வேயர் நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் வண்டி தெரு முனை திரும்பியதும் அக்கா கேட்டார்.

"செவுத்தக் கேட்டாரா?"

"கேட்டாருங்கக்கா. ஈரமே இல்லைன்னு சொன்னேங்க."

அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். சர்வேயர் அளந்து பார்த்துச் சொன்னதை நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தில் இருந்த தெளிச்சியைப் பார்த்ததும் தள்ளிப் போட்டேன். அதைத்தான் இன்றைக்கும் நினைத்து வருந்துகிறேன்.

இரண்டு நாள் விழுந்து விழுந்து கழுவினோம். காய்ந்த சேற்றை உளியால் பெயர்க்க வேண்டியிருந்தது. முதல் நாளே கழுவியிருந்தால் தப்பித்திருக்கும் கட்டில் கால்கள் உப்பிப் பிளந்துவிட்டன. புடவைகளில் இரண்டு தேறின. மகள் என்னோடு சேர்ந்து தரையைத் தேய்த்தாள். பாதியில், "அவருக்குத்தான் பாத்ததுமே தெரிஞ்சிருச்சே, நீ எதுக்கும்மா இல்லைன்னு சொன்னே?" என்று கேட்டாள். அக்கா பாவம் என்று சொன்னேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ளப் போனாள்.

சில வாரம் கழித்துக் கம்பெனியின் கடிதம் மகனுக்கு ஈமெயிலில் வந்தது. அதையும் அக்கா என்னிடம்தான் கொண்டுவந்தார். தரைக்கும் கதவுகளுக்கும் வயரிங்குக்கும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். சுவர் மட்டும் கிடையாது. வெள்ளத்துக்கு முன்பிருந்தே இருந்த நீர்க்கசிவு என்று காரணம் எழுதியிருந்தது. நான் படித்து முடித்ததும் அவர் கேட்டார்.

"அவருக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

சேற்றுக் கோட்டையும் உப்புப் பூத்ததையும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். "அன்னைக்கே இதச் சொல்லலியே" என்று மட்டும் சொன்னார். கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு, கணவர் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடியேறினார். கணவர்தான் சர்வேயரிடம் தனியாகச் சொல்லியிருப்பார் என்று அக்கா நினைத்துவிட்டார். அல்லது நானே சொன்னேன் என்று.

மறுநாளிலிருந்து 'கண்ணு' போய் நான் அவருக்கு 'டீச்சருங்க' ஆகிவிட்டேன். "டீச்சருங்க, மோட்டார் போடட்டுங்களா?" "டீச்சருங்க, கேட்டைச் சாத்திப்போடுங்க." ஒரு வார்த்தைகூடக் குறைவாகப் பேசவில்லை. மரியாதைதான் கூடியது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது எவ்வளவு தூரம் என்று தெரியும். கணவர், "பொய்யும் சொல்லி, காட்டிக் கொடுத்த பேரும் வாங்கியாச்சு" என்றார். வேறு வீடு பார்க்கலாம் என்று மதுக்கரைப் பக்கம் வரைக்கும் போனோம். மகளுக்குப் பொதுத்தேர்வு வருடம், பஸ் மாறிப் பள்ளிக்கு வர முடியாது. பக்கத்தில் காலியானவை எல்லாம் தண்ணீர் ஏறிய கீழ்வீடுகள். இரண்டு ஞாயிறு அலைந்துவிட்டு நிறுத்திக்கொண்டோம். அதே சுவருக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்து, மாடியில் அவர் குளிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தோம். ஒவ்வொரு வாளித் தண்ணீருக்கும் சுவர் இன்னும் கொஞ்சம் கறுத்தது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்ததும் நேரே மாடிக்குப் போனேன். "அக்கா, ஒரு நிமிசம் கீழ வாங்க" என்றேன். எதற்கு என்று கேட்காமல் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். படுக்கையறைக்குள் அழைத்துப் போனேன். சுவர் ஊறத் தொடங்கிய பிறகு அந்த அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. எதிர்ச்சுவரில் எவ்வளவு தேய்த்தும் போகாமல் நின்ற சேற்றுக் கோட்டைக் காட்டினேன். பிறகு இந்தப் பக்கம் திருப்பி, கோட்டுக்கு மேலே கூரை வரைக்கும் இருந்த ஈரத்தைக் காட்டினேன்.

அவர் கையை வைத்துப் பார்த்தார். உள்ளங்கையில் வெள்ளைப் பொடி ஒட்டியது. மேலே நிமிர்ந்து தன் குளியலறை இருக்கும் இடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனையுமா எங்க பைப்பு?"

"ஆமாங்கக்கா. போட்டோ அனுப்பிட்டே இருந்தனுங்களே."

"அதெல்லாம் அப்பிடியே பையனுக்குத் தள்ளி உட்டுப்போடுவேன். நான் எங்க பெருசு பண்ணிப் பாத்தேன். குடியிருக்கறவங்க எப்பவும் அப்பிடித்தான் சொல்லுவாங்கம்பான்."

யார் சொன்னது, யார் சொல்லவில்லை என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அந்த வாரமே பிளம்பர் வந்தார். டைல்ஸை உடைத்துப் பார்த்ததில் வளைவில் மாட்டும் முழங்கைக் குழாய் ஒன்று முழுக்க விரிசல் விட்டிருந்தது. மாற்றி, சுவரைக் காயவிட்டு, பூசி முடிக்க இரண்டு மாதம் ஆனது. அதற்குள் மகளின் பரீட்சையும் முடிந்துவிட்டது.

நாங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறோம். எங்கள் சாமானுக்கு நான் தனியாக ஒரு பாலிசி எடுத்தேன். கையெழுத்துப் போடும் முன் ஏஜெண்டிடம் அவர் சலித்துப்போகும் அளவுக்குக் கேள்வி கேட்டேன். வெள்ளம் உண்டா, சாக்கடை வழியாக ஏறினாலும் வெள்ளம்தானா, மேல்வீட்டுக் கசிவில் மெத்தை நனைந்தால் என்ன. கடைசிக் கேள்விக்கு அவர் சுற்றி வளைத்துப் பேசினார். எழுத்தில் காட்டுங்கள் என்றேன். காட்டினார். குழாய் திடீரென்று வெடித்தால் உண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊறினால் கிடையாது.

போன ஐப்பசியில் ஒரு சாயந்திரம் நல்ல மழை. தெருவில் தண்ணீர் ஏறி எங்கள் முதல் படியைத் தொட்டது. அக்கா மாடிப்படியில் நின்று, "மேல வந்தர்றீங்களா டீச்சருங்க? அடுப்புல அரிசி போட்டிருக்கறேன்" என்றார்.

"இருக்கட்டுங்கக்கா. ஏறுனா வாரோம்" என்றேன்.

குளியலறை ஜாலியின் மேல் ஒரு ஈரச் சாக்கை மடித்துப் போட்டு, அதன் மேல் மாவாட்டும் கல்லைத் தூக்கி வைத்தார் கணவர். மூன்று பேரும் புதுக்கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தோம். மகள் போனில் வீடு முழுவதையும் ஒவ்வொரு பொருளாகப் போட்டோ எடுத்தாள். மழை விடவில்லை. தண்ணீர் படியிலேயே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.